மின்சார ஸ்போர்ட்ஸ் கார்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கார் பேச்சு வந்தாலே, ஃபெராரியும் போர்ஷேயும் லம்போர்கினியும் மின்சாரத்துக்கு மாறுவதைப் பற்றி யாராவது கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கார்களை வாங்கப் போவதில்லை, நானும்தான். ஆனால் கேள்விகள் நல்ல கேள்விகள், அவையே மறுபடி மறுபடி வருகின்றன. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எளிய சந்தேகங்கள் முதலில், வம்பானவை பின்னால்.

ஸ்போர்ட்ஸ் கார்னா பெட்ரோல்தானே? முழுக்க கரண்ட்ல ஓடுற ஸ்போர்ட்ஸ் கார் நிஜமாவே இருக்கா?

இருக்கிறது, பல வருடங்களாகவே. டெஸ்லா தன் முதல் காரான ரோட்ஸ்டரை 2008-ல் விற்கத் தொடங்கியது. லோட்டஸ் எலீஸ் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை அடிப்படையாக வைத்துச் செய்த வண்டி அது. பழைய பெரிய பெயர்களில் முதலில் துணிந்து இறங்கியது போர்ஷே. 2019 செப்டம்பரில் டைகான் வந்தது. போர்ஷேயின் புகழ்பெற்ற பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரான 911 தயாராகும் ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசன் வளாகத்தில்தான் அதையும் செய்கிறார்கள்.

விலையில் இன்னும் மேலே போனால் குரோஷியாவின் ரிமாக் நெவேரா இருக்கிறது, 1,914 குதிரைத் திறன். இத்தாலியின் பினின்ஃபரினா பட்டிஸ்டா 1,900 குதிரைத் திறன். இரண்டுமே தலா 150 வண்டிகள் மட்டும் என்று திட்டமிடப்பட்டவை. பட்டிஸ்டாவைச் செய்யும் ஆட்டோமொபிலி பினின்ஃபரினாவின் சொந்தக்காரர் நம்ம மஹிந்திராதான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

ஹைபிரிட், பிளக்-இன் ஹைபிரிட், ஈ.வி. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறாங்க. என்ன வித்தியாசம்?

ஈ.வி. என்றால் இன்ஜினே கிடையாது, பேட்டரியும் மோட்டாரும் மட்டும். ஹைபிரிட் என்றால் இன்ஜினும் உண்டு, மோட்டாரும் உண்டு; பேட்டரி சின்னது, ஓட்டத்திலேயே சார்ஜ் ஆகிக்கொள்ளும். பிளக்-இன் என்றால் பேட்டரி கொஞ்சம் பெரியது, சுவரில் சொருகியும் சார்ஜ் செய்யலாம், சில கிலோமீட்டர் பெட்ரோல் இல்லாமலும் ஓட்டலாம். புதிய போர்ஷே 911 ஜி.டி.எஸ். சாதாரண ஹைபிரிட், சொருக வழியில்லை. ஃபெராரி எஸ்.எஃப்.90, 296 ஜி.டி.பி., லம்போர்கினி ரெவுவெல்டோ எல்லாம் பிளக்-இன். டைகானும் நெவேராவும் ஈ.வி.

வேகத்துல பெட்ரோல் காரை முந்துமா?

முந்தியாகிவிட்டது. மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவிசையைத் தந்துவிடும். இன்ஜின் சுழற்சி ஏறும் வரை, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ விழிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. டைகான் டர்போ ஜி.டி. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றை 7 நிமிடம் 7.55 விநாடியில் முடித்தது. அது 20.8 கி.மீ. நீளம், 70-க்கும் மேற்பட்ட வளைவுகள். நான்கு கதவு வைத்த, இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு அது அபாரமான நேரம்.

ஆனால் ஐரோப்பியக் கம்பெனிகளின் தூக்கத்தைக் கெடுத்தது அடுத்து நடந்ததுதான். 2025-ல் சீனாவின் பி.ஒய்.டி. குழுமத்தைச் சேர்ந்த யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம் அதே சுற்றை 6 நிமிடம் 59.157 விநாடியில் முடித்தது. அதே கார் செப்டம்பரில் ஜெர்மனியின் பாப்பன்பர்க் சோதனைப் பாதையில் மணிக்கு 496.22 கி.மீ. தொட்டது. செல்போன் விற்கும் ஷாவ்மி, எஸ்.யு.7 அல்ட்ரா என்ற காரை சீனாவில் 5,29,900 யுவானுக்கு விற்கிறது. அதுவும் நூர்பர்க்ரிங்கில் டைகானின் அந்த நேரத்தைத் தாண்டிவிட்டது. நூறு கிலோமீட்டர் வேகத்தை இரண்டு, மூன்று விநாடியில் தொடுவது ஒரு காலத்தில் கோடிகளில் மட்டும் கிடைத்த சரக்கு. பேட்டரியும் மோட்டாரும் அதைக் கடைச்சரக்கு ஆக்கிவிட்டன.

அவ்வளவு வேகம்னா ஏன் யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க?

யாரும் வாங்கவில்லை என்பது மிகை. எதிர்பார்த்த அளவுக்கு வாங்கவில்லை என்பது சரி. டைகான் 2023-ல் 40,629 விற்றது, 2024-ல் 20,836. ஏறக்குறைய பாதி போய்விட்டது. அதே 2024-ல் 911 மட்டும் 50,941 போனது. இத்தனைக்கும் அந்த வருடம் டைகான் மோசமாகவில்லை. புதுப்பித்த மாடலில் அதிகபட்ச தூரம் 678 கி.மீ. வரை கூடியிருந்தது, 10-லிருந்து 80 சதவீத சார்ஜுக்கு 18 நிமிடம்தான் என்று கம்பெனி சொன்னது.

முதல் காரணம் மறுவிற்பனை. இந்த விலையில் வாங்குபவர் காரைச் சொத்தாகவும் பார்க்கிறார். நல்ல 911 விலை குறையாமல் நிற்கும், சில மாடல்கள் ஏறவும் செய்யும். டைகான் வாங்கி இரண்டு, மூன்று வருடத்தில் விற்றவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பேட்டரித் தொழில்நுட்பம் வேகமாக முன்னேறுவதே இதற்குக் காரணம்: புது மாடல் எவ்வளவு நன்றாக வருகிறதோ, பழையது அவ்வளவு சீக்கிரம் பழசாகிறது. செல்போனுக்கு நாம் பழகிக்கொண்ட விஷயத்தை இரண்டு கோடி ரூபாய்க் காருக்கு யாரும் ஏற்கத் தயாராக இல்லை.

அடுத்தது சீனா. போர்ஷே அங்கே 2021-ல் 95,671 கார்கள் விற்றது; 2024-ல் 56,887. அங்குள்ள வசதியான இளைஞருக்கு மின்சாரக் கார் என்றால் உள்ளூர்க் கம்பெனிதான் முதலில் மனதில் வருகிறது. ஷாவ்மி விலையை மேலே சொன்னேன். மூன்றாவது, ஓட்டும் உணர்வு. அதற்குத் தனிக் கேள்வியே வருகிறது.

பேட்டரி எடை அவ்வளவு பெரிய தொல்லையா? இன்ஜினை எடுத்துட்டாங்களே, சமம் ஆயிடாதா?

ஆகாது. கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் அவர் சக்தி இருக்கிறது, அதாவது நம் கரண்ட் பில் கணக்கில் 9 யூனிட். 60 லிட்டர் டேங்க் என்றால் 540 யூனிட். இன்ஜின் அதில் முக்கால்வாசியை வெப்பமாக வீணாக்கினாலும் சக்கரத்துக்கு 130, 150 யூனிட் போய்ச் சேரும். அந்தப் பெட்ரோலின் எடை 45 கிலோதான், ஓட ஓட அதுவும் குறையும். முதல் டைகானின் பெரிய பேட்டரி 93.4 யூனிட், எடை 630 கிலோ. மோட்டார் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் சக்கரத்துக்கு 80 சொச்சம் யூனிட்தான் கிடைக்கும். தீர்ந்த பிறகும் 630 கிலோவைச் சுமந்துகொண்டே போக வேண்டும்.

எனவேதான் 911 ஜி.டி.3 சுமார் 1,420 கிலோவில் நிற்கும்போது, ஃபெராரி 2025 அக்டோபரில் விவரம் வெளியிட்ட முதல் மின்சாரக் கார் சுமார் 2,300 கிலோ என்கிறார்கள். 122 யூனிட் பேட்டரி, நான்கு மோட்டார், 1,000-க்கு மேல் குதிரைத் திறன், 530 கி.மீ.க்கு மேல் ஓடும் என்று சொன்னார்கள். எடை தரையோடு ஒட்டிப் பரவியிருப்பதால் வளைவில் வண்டி சாய்வது குறைவு, அது நல்ல பக்கம். ஆனால் டயர் தேயும், பிரேக் பெரிதாக வேண்டும், குறுகிய மலைப்பாதையில் வண்டியைத் தட்டித் திருப்பும் சுகம் போய்விடும். எண்ணில் வராத நஷ்டம் என்பதால் விளம்பரத்தில் இது இருக்காது.

ரேஸ் டிராக்குல எத்தனை சுற்று தாங்கும்?

முழு வேகத்தில் ஓட்டினால் சில சுற்றுகள், அப்புறம் சார்ஜருக்குப் போக வேண்டும். மேலே சொன்ன யூனிட் கணக்குதான் காரணம், கூடவே சூடும். பேட்டரி குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் கார் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். டிராக் நாள் என்று காசு கட்டி, காலை முதல் மாலை வரை ஓட்ட நினைப்பவருக்கு இன்றைக்கும் பெட்ரோல் கார்தான் தோது. இதில் மழுப்ப ஒன்றுமில்லை.

800 வோல்ட், 800 வோல்ட்னு பெருமையடிக்கிறாங்களே, அது என்ன பெரிய விஷயம்?

சக்தி என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் அதே சக்திக்குப் பாதி ஆம்பியர் போதும். கம்பியில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே அது கால் பங்காகிவிடும். மெல்லிய கம்பி போதும், செம்பு மிச்சம், எடை மிச்சம், சார்ஜ் சீக்கிரம் ஏறும். மற்றவர்கள் 400 வோல்ட்டில் இருந்தபோது டைகான் 800-க்குப் போனது. அதற்கு முன் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை 2015, 2016, 2017 என்று மூன்று முறை தொடர்ந்து வென்ற 919 ஹைபிரிட் காரில் போர்ஷே அதைச் சோதித்துவிட்டது.

சத்தமே இல்லாம என்னங்க ஃபெராரி?

நியாயமான கேள்வி. சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் இந்தத் தொழிலின் பெரிய தலைவலி இதுதான். 12 சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்றில் பாடுவதைக் கேட்கத்தான் பாதிப் பேர் அந்தக் காரை வாங்குகிறார்கள். சத்தம் வெறும் அலங்காரமும் இல்லை. எந்த கியரில், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை ஓட்டுநர் மீட்டரைப் பார்க்காமல் காதால் தெரிந்துகொள்கிறார்.

போர்ஷே ஸ்பீக்கர் வழியே ஒரு விண்கல ஓசையைத் தருகிறது. சில டைகான் மாடல்களில் அதற்குத் தனியாகப் பணம் வேறு கட்ட வேண்டும்! ஃபெராரி வேறு வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. பின்பக்க மோட்டார் அமைப்பில் ஓர் உணரியைப் பொருத்தி, அங்கே உண்மையில் எழும் அதிர்வை எடுத்துப் பெருக்கித் தருகிறார்கள், எலெக்ட்ரிக் கிட்டாரில் நடப்பது மாதிரி. இல்லாத ஒன்றைப் பாவனை செய்வதைவிட இது நேர்மையான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்க இனிமையாக இருந்தால் மட்டும் போதாது, ஓட்டுநருக்குத் தகவலும் தர வேண்டும். அதில் தேறுகிறதா என்பதுதான் சோதனை.

ஃபெராரி, லம்போர்கினி எல்லாம் ஹைபிரிட் போடுறது கண்துடைப்புதானே?

சுற்றுச்சூழலுக்காக என்று சொன்னால் பெரும்பாலும் ஆமாம். வண்டிக்காக என்று சொன்னால் இல்லை. எஸ்.எஃப்.90-ல் 7.9 யூனிட் பேட்டரி, மின்சாரத்தில் மட்டும் சுமார் 25 கி.மீ. ரெவுவெல்டோவில் 3.8 யூனிட்தான். அதை வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவை எழுப்பாமல் வீட்டைவிட்டுக் கிளம்பலாம், அவ்வளவுதான். பிளக்-இன் கார்கள் ஆய்வகத்தில் காட்டும் புகை அளவைப் போல் சராசரியாக மூன்றரை மடங்கு சாலையில் விடுகின்றன என்று ஐரோப்பிய ஆணையமே 2024-ல் வெளியிட்டது. அது சாதாரண பிளக்-இன் கார்களைச் சேர்த்த சராசரி. சொருகவே மறக்கும் சூப்பர்கார் சொந்தக்காரர் அதைவிட ஒழுங்காக இருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆனால் பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை. முன் சக்கரங்களுக்குத் தனித்தனி மோட்டார் வைத்து வளைவில் ஒவ்வொன்றையும் வேண்டிய அளவு இழுக்க வைக்கிறார்கள். எஸ்.எஃப்.90-ன் கியர்பெட்டியில் ரிவர்ஸே கிடையாது, பின்னால் வருவது மோட்டார் வேலை. அந்தப் பல்சக்கர எடை மிச்சம். 2024 மே மாதம் வந்த 911 ஜி.டி.எஸ். இன்னும் நேர்த்தி: டர்போவுக்குள்ளேயே ஒரு மோட்டார், அதனால் டர்போ தாமதம் கிட்டத்தட்ட இல்லை. பேட்டரி 1.9 யூனிட்தான், மொத்த எடை 50 கிலோ மட்டும் கூடியது. நூர்பர்க்ரிங்கில் முந்தைய மாடலைவிட 8.7 விநாடி வேகம். புகையைக் குறைக்க வந்த தொழில்நுட்பத்தை வேகத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்று குறை சொல்லலாம், சரிதான். ஆனால் எல்லா ஹைபிரிட்டிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வருஷத்துக்கு ரெண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் கூட ஓடாத கார். அதை மின்சாரமாக்கி பூமிக்கு என்ன லாபம்?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே கூர்மையானது இது. தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிலோமீட்டருக்கு 300 கிராம் கார்பன் விடும் பெட்ரோல் கார் வருடம் 3,000 கி.மீ. ஓடினால் 900 கிலோ. 100 யூனிட் பேட்டரியைத் தயாரிக்கும்போது வெளியாகும் கார்பன் சுமார் 6 முதல் 10 டன் வரை. எந்த நாட்டில், எந்த மின்சாரத்தில் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. நடுவே 8 டன் என்று வைப்போம். மின்சாரக் கார் அதே 3,000 கி.மீ.க்கு 750 யூனிட் குடிக்கும். யூனிட்டுக்கு கால் கிலோ கார்பன் என்ற ஐரோப்பிய வகை மின்சாரத்தில் அது 190 கிலோ. ஆக வருட மிச்சம் 700 கிலோ. பேட்டரிக் கடனை அடைக்கப் பதினோரு வருடத்துக்கு மேல். யூனிட்டுக்கு 0.7 கிலோ வரும் இந்திய மின்சாரத்தில் இருபது வருடம் தாண்டும்.

இதே காரை ஒருவர் அன்றாடம் ஓட்டி வருடம் 15,000 கி.மீ. போனால் கதையே வேறு. ஐரோப்பாவில் இரண்டரை வருடத்துக்குள் கடன் தீர்ந்துவிடும். பெட்ரோலைத் தோண்டிச் சுத்திகரித்துக் கொண்டுவரும் கணக்கையும் சேர்த்தால் இன்னும் சீக்கிரம். ஆகவே டைகான் மாதிரி தினசரி ஓடும் காருக்கு மின்சாரம் அர்த்தமுள்ளது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொட்டகையிலிருந்து வெளியே வரும் இரண்டு இருக்கைக் காருக்கு அந்த நியாயம் பலவீனமானது. ஃபெராரி 2024-ல் விற்றது மொத்தம் 13,752 கார்கள். உலகில் வருடத்துக்கு ஏழு கோடிக்கும் மேல் கார்கள் விற்கும் இடத்தில், அந்தப் பதினாலாயிரத்தின் புகைக் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்குவது பெரிய பலன் தராது.

அப்படின்னா ஐரோப்பா 2035-ல் பெட்ரோல் காரைத் தடை பண்ணுறது இவங்களுக்கும் பொருந்துமா?

2023-ல் நிறைவேறிய ஐரோப்பிய விதிப்படி 2035 முதல் விற்கும் புதிய கார்களின் புகை பூஜ்யமாக வேண்டும். 2025 டிசம்பரில் ஆணையமே அதைத் தளர்த்தி, 90 சதவீதக் குறைப்பு போதும், மீதியைக் குறைந்த கார்பன் எஃகு, மாற்று எரிபொருள் மாதிரியான வழிகளில் ஈடுகட்டலாம் என்று முன்மொழிந்தது.

சின்னக் கம்பெனிகளுக்கு 2023 விதியிலேயே சந்து உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வருடம் ஆயிரத்துக்கும் குறைவாகப் பதிவாகும் கம்பெனிக்கு விலக்கு. ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை விற்பவர்கள் 2035 முடியும் வரை தனி இலக்கு கேட்டு வாங்கலாம். இதைப் பலர் ஃபெராரி திருத்தம் என்றே அழைக்கிறார்கள். ஃபெராரி உலக அளவில் பத்தாயிரத்தைத் தாண்டினாலும் கணக்கில் வருவது ஐரோப்பியப் பதிவு மட்டும். பிரிட்டனும் 2025 ஏப்ரலில் மெக்லாரன், ஆஸ்டன் மார்ட்டின் மாதிரி சிறு தயாரிப்பாளர்களை, புதிய பெட்ரோல் கார் விற்பனையை நிறுத்தும் தன் 2030 கெடுவிலிருந்து விடுவித்தது. லட்சக்கணக்கில் விற்கும் போர்ஷேக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. அது மின்சாரத்தில் முதலில் குதித்ததற்கு லட்சியம் பாதிக் காரணம், அப்போதே இறுகி வந்த ஐரோப்பியப் புகை விதிகள் மீதிக் காரணம்.

ஈ-ஃபியூயல்னு செயற்கை பெட்ரோல் வருதாமே, அது வந்தா பிரச்சினை தீர்ந்துடுமே?

ஓரளவு. சிலியின் தென்கோடியில், புன்டா அரேனாஸ் அருகே ஹாரு ஓனி என்ற சோதனை ஆலை 2022 டிசம்பரில் தொடங்கியது. போர்ஷே அதில் பணம் போட்டிருக்கிறது. அங்கே காற்று ஓயாமல் அடிக்கும். காற்றாலை மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, கார்பன் டை ஆக்சைடுடன் சேர்த்து மெத்தனால் செய்து, அதிலிருந்து பெட்ரோல். எந்தப் பழைய காரிலும் ஊற்றலாம்.

சிக்கல் அளவிலும் வீணிலும். அந்தச் சோதனை ஆலையின் திறன் வருடத்துக்கு 1,30,000 லிட்டர், ஒரு பெரிய பெட்ரோல் பங்க்குக்கே சில வாரம்தான் வரும். அப்புறம், ஒரே அளவு மின்சாரத்தை நேராக பேட்டரியில் ஏற்றினால் போகும் தூரத்தில் ஆறில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்குதான் இந்த எரிபொருள் வழியாகப் போக முடியும். எல்லாக் கார்களுக்கும் இது விடையாகாது. ஆனால் மேலே பார்த்த, வருடம் 3,000 கி.மீ. ஓடும் கார்களுக்கு, பழைய கார்களுக்கு, பந்தயத்துக்கு இது சரியான விடை என்பது என் கட்சி. விலை இவர்களுக்குப் பொருட்டே இல்லை.

'கார்பன் நியூட்ரல் தொழிற்சாலை'ன்னு லம்போர்கினி சொல்லுது. 12 சிலிண்டர் காரைச் செஞ்சுக்கிட்டு இது என்ன பேச்சு?

இத்தாலியின் சந்தாகட்டா போலோனேசே ஊரில் உள்ள அதன் ஆலைக்கு அந்தச் சான்று 2015-லிருந்தே உண்டு. அது ஆலையின் கட்டடங்கள், இயந்திரங்கள் பயன்படுத்தும் சக்தியைப் பற்றியது. வெளியே போகும் காரின் புகையோ, வெளியிலிருந்து வரும் அலுமினியத்தின் கார்பனோ அதில் சேராது. பொய் இல்லை, ஆனால் கேட்பவர் காதில் விழும் அர்த்தம் வேறு.

என்னைக் கேட்டால் உருப்படியான வேலை மூலப்பொருளில்தான் நடக்கிறது. பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி பயன்படுத்த, தாதுவிலிருந்து எடுக்கத் தேவைப்படும் சக்தியில் சுமார் 5 சதவீதம் போதும். ஃபெராரி தன் மின்சாரக் காரின் சட்டகத்துக்கும் உடலுக்கும் 75 சதவீதம் மறுசுழற்சி அலுமினியம் பயன்படுத்தியதால் காருக்கு 6.7 டன் கார்பன் மிச்சம் என்கிறது. மேலே பேட்டரிக்குப் போட்ட 8 டன்னோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய தொகை என்று புரியும். பெட்ரோல் காருக்கும் இதையே செய்யலாமே என்று நீங்கள் கேட்டால், ஆமாம், செய்யலாம். கார்பன் ஃபைபர்தான் இன்னும் முள்ளாக நிற்கிறது. செய்யவும் சக்தி அதிகம், உடைந்தால் மறுசுழற்சியும் கடினம். தோலுக்குப் பதில் செயற்கைத் துணி, மீன்வலையிலிருந்து கம்பளம் என்பதெல்லாம் டைகானில் வந்தது. நல்லதுதான், ஆனால் பெரிய எண்ணில் அது சில்லறை.

பழைய காரையே பத்திரமா வெச்சிருக்கிறது இதைவிட நல்லதில்லையா?

பல சமயம் ஆமாம். இதுவரை செய்த போர்ஷேக்களில் 70 சதவீதத்துக்கும் மேல் இன்னும் ஓடுகின்றன என்று கம்பெனி சொல்கிறது. அறுபது வருடம் ஓடும் பொருளுக்குத் தயாரிப்புக் கார்பன் வருடக் கணக்கில் கரைந்துவிடும். ஆடம்பரக் கார்களின் உண்மையான சுற்றுச்சூழல் நன்மை இந்த ஆயுள்தான், ஆனால் புதுக் கார் விற்கும் கம்பெனி அதை ஓரளவுக்கு மேல் உரக்கச் சொல்லாது.

மின்சாரக் காருக்கு இது எதிர்ப்பக்கம் கடிக்கும். இருபது வருடம் கழித்து அந்த மாடலின் பேட்டரி யாரிடம் கிடைக்கும்? அதன் மென்பொருளை யார் புதுப்பிப்பார்கள்? ஃபெராரி 2024-ல் ஒரு நீட்டிப்பு வாரன்டி அறிவித்தது. வருடக் கட்டணம் கட்டி வந்தால் ஹைபிரிட் காரின் பேட்டரியை எட்டாம் ஆண்டும் பதினாறாம் ஆண்டும் மாற்றித் தருவார்கள். இதைவிடத் தெளிவாக வாடிக்கையாளரின் பயத்தை யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

பழைய 911-ல இன்ஜினை எடுத்துட்டு மோட்டார் போடுறாங்களே, அது?

பிரிட்டனில் எவராட்டி மாதிரி அதையே தொழிலாகச் செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. நகருக்குள் ஓட்ட நன்றாக இருக்கும். ஆனால் பழங்கால வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, இப்படி மாற்றிய வண்டியைப் பழங்கால வாகனமாகக் கருத முடியாது என்று 2019-லேயே சொல்லிவிட்டது. செய்வதென்றால் கழற்றிய இன்ஜினைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, திரும்பப் பொருத்தும்படி செய்யுங்கள்.

இந்தியாவில் வாங்கினா மின்சாரக் காருக்கு வரி குறைவாமே?

டைகான் இங்கே 2021 நவம்பரில் வந்தது, ஆரம்ப ஷோரூம் விலை ஒன்றரைக் கோடி. ரெவுவெல்டோ 2023 டிசம்பரில், 8.89 கோடி. இரண்டும் முழுதாகக் கட்டி இறக்குமதியாகும் கார்கள். 2025 நிலவரப்படி அதற்கான சுங்க வரி எல்லாம் சேர்த்து 110 சதவீதம். அதில் மின்சாரம், பெட்ரோல் என்று பேதம் இல்லை. பேதம் ஜி.எஸ்.டி.யில் வருகிறது: மின்சாரத்துக்கு 5, பெரிய பெட்ரோல் காருக்கு 40. ஆகவே மிச்சம் கணிசம்தான். மறுவிற்பனையில் அது எவ்வளவு கரையும் என்பதற்கு மேலே சொன்னதைப் பாருங்கள்.

எல்லாரும் பின்வாங்கிட்டாங்களே. மின்சார ஸ்போர்ட்ஸ் கார் தோத்துப்போச்சுன்னு ஒத்துக்கலாமா?

பின்வாங்கியது உண்மை, வரிசையும் நீளம். போர்ஷே 2030-ல் 80 சதவீதத்துக்கு மேல் மின்சாரம் என்று 2022-ல் சொன்னது, 2024-ல் அதைத் தளர்த்தியது. 2025 செப்டம்பரில் புதிய மின்சார மாடல்களைத் தள்ளிவைத்து, அந்த ஆண்டு லாபத்தில் 180 கோடி யூரோ வரை அடி விழும் என்று அறிவித்தது. ஃபெராரி 2030-க்கு 40 சதவீதம் மின்சாரம் என்றிருந்ததை 20 ஆக்கியது. அன்றைக்குப் பங்கு 15 சதவீதம் சரிந்தது. கார் பிடிக்காமல் என்று பலர் நினைத்தார்கள், ஆனால் முதலீட்டாளர்களைக் கலங்கடித்தது 2030-க்கான வருமானக் கணிப்பு. லம்போர்கினி லான்சடோர் என்ற மின்சாரக் காரின் மாதிரியை 2023-ல் காட்டி 2028 என்றது, பிறகு 2029 என்றது. மசராட்டி, எம்.சி.20-ன் மின்சார வடிவத்தை 2025-ல் கைவிட்டது. நெவேராவைச் செய்த மாட்டே ரிமாக்கே, இந்த உச்ச விலையில் மின்சாரக் காருக்குத் தேவை குறைவு என்று 2024-ல் வெளிப்படையாகச் சொன்னார். அவர் தலைமையில் வந்த புகாட்டி டூர்பியோனில் 16 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் இருக்கிறது, கூட மூன்று மோட்டார்.

ஆனால் தோற்றது என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தொழில்நுட்பம் தோற்கவில்லை, நூர்பர்க்ரிங் நேரங்களைப் பார்த்தோம். தோற்றது காலக்கெடுவும், எல்லா மாடலுக்கும் ஒரே விடை என்ற எண்ணமும். தினசரி ஓடும் நான்கு கதவு வண்டிகளில் மின்சாரம் மெல்ல இடம் பிடிக்கும் என்றும், இரண்டு இருக்கைக் கார்களில் சின்ன பேட்டரி ஹைபிரிட் நீண்ட காலம் நிற்கும் என்றும் நான் நினைக்கிறேன். 911 மாதிரி வண்டிக்கு அந்த 1.9 யூனிட்டே போதுமானது.

சரி, நாம யாரும் இதை வாங்கப் போறதில்ல. நமக்கு இதுல என்ன இருக்கு?

800 வோல்ட்டைப் பற்றி மேலே எழுதினேன். 2019-ல் டைகானில் வந்தது, 2021-ல் ஹூண்டாய் அயோனிக் 5, கியா ஈ.வி.6 கார்களுக்கு வந்துவிட்டது. நடுவில் 2019-லேயே ஹூண்டாயும் கியாவும் சேர்ந்து ரிமாக்கில் 8 கோடி யூரோ முதலீடு செய்திருந்தன. அயோனிக் 5-ஐ 2023 முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஹூண்டாய் ஆலையில் பாகங்களைப் பொருத்தி விற்கிறார்கள். அறிமுக விலை 45 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் நம்மில் பலருக்கு எட்டாத விலைதான், ஆனால் டைகான் விலையில் மூன்றில் ஒரு பங்கு.